வெல்வெட்டில் ஒரு பழைய பாணி ஈவ்னிங் ராப்: முதல்முறை தைப்பவர்களுக்கு

1920-களின் புகைப்படங்களில் அடிக்கடி கண்ணில் படும் உடை ஒன்று உண்டு. மணி கோத்த, கையில்லாத கவுனுக்கு மேலே தோளிலிருந்து தளர்வாக இறங்கி, இடுப்பருகே ஒரே ஒரு பெரிய பொத்தானில் முடியும் வெல்வெட் மேலங்கி. இதுதான் ஈவ்னிங் ராப். கழுத்தைச் சுற்றி அகலமாகப் புரண்டு கிடக்கும் காலர். பார்த்தால் கைதேர்ந்த தையற்காரரின் வேலை போலத் தெரியும். பிரித்துத் தரையில் விரித்தால், ஒரு செவ்வகத் துணி, இரண்டு நேர்த் தையல். எல்லா ராப்பும் இவ்வளவு எளிதல்ல. ஆனால் பட்டுக்கூடு வடிவம் என்று சொல்லப்படும் இந்த வகை அப்படித்தான்.

அப்படியானால் சிரமம் எங்கே? துணியில். வெல்வெட் வழுக்கும், நகரும், இஸ்திரிப் பெட்டி பட்டால் தழும்பாகும், ஊசி போட்ட இடம் தெரியும். ஆகவே இந்த வேலையில் மிஷினில் உட்காரும் நேரம் மிகக் குறைவு. அளப்பதிலும் கையால் ஓட்டுவதிலும்தான் பெரும்பகுதி போகும். நேர்த் தையல் போடத் தெரிந்தவர், பொறுமை இருந்தால், இதை நன்றாகவே முடித்துவிடலாம். பொறுமை இல்லாதவர் வெல்வெட்டை விட்டுவிட்டுக் கனமான கிரேப் துணியில் தைப்பது நல்லது. அதுவும் அழகாகவே விழும்.

இந்த வடிவத்தின் வேர் ஜப்பானியக் கிமோனோவில் இருக்கிறது. தோள் தையல் இல்லாமல் துணியை அதன் போக்கில் தொங்கவிடும் முறை அது. பாரிஸில் 1903-இல் சொந்தக் கடை தொடங்கிய உடை வடிவமைப்பாளர் பால் பொய்ரே, இந்த முறையை மாலை நேர மேலங்கிகளுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். முதல் உலகப் போருக்குப் பிறகு உடை மெலிந்தது, கை காணாமல் போனது, மேலே மணியும் ஜரிகையும் ஏறின. இறுக்கமான கோட் அந்த வேலைப்பாட்டை நசுக்கிவிடும். உடலைத் தொடாமல் சுற்றி நிற்கும் ஒன்று தேவைப்பட்டது. 1922 நவம்பரில் துட்டன்காமன் கல்லறை திறக்கப்பட்ட செய்தி பரவியதும் தாமரையும் வண்டும் எகிப்தியக் கோடுகளும் துணிகளில் வந்தன. அலங்காரம் செய்யும் எண்ணம் இருந்தால் இந்தக் காலக்குறிப்பு உதவும்: 1910-களின் சாயல் வேண்டுமா, 1920-களின் நடுப்பகுதியா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் வெட்டத் தொடங்க வேண்டாம். ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடு சேர்த்துப் பாதியாக மடியுங்கள். இப்போது மடிப்பு ஒரு பக்கம், திறந்த வாய் எதிர்ப்பக்கம். இடது, வலது ஓரங்களை வாய்ப்பக்கத்திலிருந்து மடிப்பை நோக்கிக் குண்டூசியால் சேருங்கள். மடிப்பருகே மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்கள். அடியில் இரு மூலைகளிலும் ஓட்டை உள்ள ஒரு பை கிடைக்கும்.

அந்த ஓட்டைகள்தான் கை நுழையும் இடம். வாய்வழியாகக் கைகளை உள்ளே விட்டு மூலைகள் வழியே வெளியே எடுத்தால், மடிப்பு முதுகின் குறுக்கே படியும். மடிப்புக்கு மேலே உள்ள பாதி கழுத்து வரை ஏறி, மிஞ்சியது வெளியே புரண்டு காலராகும். கீழே உள்ள பாதி இடுப்பைத் தாண்டி இறங்கும். பையின் வாய் முழுவதும் ஒரே வளையமாகக் கழுத்து, முன்பக்கம், கீழ் ஓரம் என்று சுற்றி வரும். இரண்டு பக்கத் தையல்களும் முடியும் முனைகள் முன்னால், இடுப்பருகே வந்து சந்திக்கும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. காலர் புரளும்போது வெளியே தெரிவது வெல்வெட் அல்ல, லைனிங். பார்ப்பவர் கண் முதலில் போவது முகத்தை ஒட்டிய அந்த இடத்துக்குத்தான். லைனிங் துணியில் சிக்கனம் பார்த்தால் முழு உடையும் மலிவாகத் தெரியும். என் கணக்கில், கையில் இருக்கும் பணத்தைப் பிரிக்க வேண்டி வந்தால் வெல்வெட்டைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு லைனிங்கை நல்லதாக எடுப்பதே சரி.

அளவு எடுப்பது

மூன்றே அளவுகள்.

முதலாவது அகலம். கைகளைப் பக்கவாட்டில் சற்றே விலக்கி வைத்து, ஒரு முழங்கையிலிருந்து முதுகின் குறுக்கே மறு முழங்கை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பிறகு இடுப்பின் அகலமான சுற்றளவை எடுத்து அதோடு 10 செ.மீ. கூட்டுங்கள். இரண்டில் எது பெரியதோ அதுதான் உங்கள் அகலம். இடுப்பை ஏன் பார்க்க வேண்டும் என்றால், கீழ் விளிம்பு முன்னால் வந்து ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் பொத்தான் போட இடம் இருக்காது. இடுப்பு 100 செ.மீ. உள்ளவருக்கு அகலம் 110 செ.மீ. சரியாக வரும்.

இரண்டாவது நீளம், அதாவது மடிப்பதற்கு முன் உள்ள மொத்த நீளம். 100 செ.மீ. வைத்தால் சிறிய காலரும் இடுப்புவரை உயரமும் கிடைக்கும். 120 செ.மீ. வைத்தால் காலர் பெரிதாகும், தொடை நடுவரை இறங்கும். அதற்கு மேல் போனால் குட்டையானவர்கள் துணிக்குள் காணாமல் போய்விடுவார்கள். நீளத்தைக் கூட்டினால் காலரும் கீழ்ப்பகுதியும் சேர்ந்தேதான் கூடும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது கைத்துளை. மடிப்பிலிருந்து அளந்து 20 செ.மீ. திறந்து விட்டால் முழுச் சுற்று 40 செ.மீ. ஆகும், பெரும்பாலானவர்களுக்குத் தாராளம். மெலிந்த கைக்கு 18 போதும். உள்ளே நீளக்கை உடை அணிவதாக இருந்தால் 22.

வெட்டும்போது நாலு பக்கமும் தையலுக்கு 1.5 செ.மீ. கூடுதலாக விட வேண்டும். 110-க்கு 120 என்றால் வெட்டும் அளவு 113-க்கு 123.

துணி

வெல்வெட்டில் நான்கு வகைகள் கைக்கு வரலாம். பட்டு அடித்தளத்தில் ரேயான் ரோமம் (மேலே மெத்தென்று நிற்கும் இழைகள்) உள்ளது அந்தக் காலத்து விழுச்சியைத் தரும். ரேயான் அதுவரை செயற்கைப் பட்டு என்று அழைக்கப்பட்டு, 1924-இல்தான் இந்தப் பெயரைப் பெற்றது. தோற்றத்தில் இதை மிஞ்ச வேறு இல்லை, வழுக்குவதிலும் இதை மிஞ்ச வேறு இல்லை. பருத்தி வெல்வெட் சற்று விறைப்பாக நிற்கும், சொன்ன இடத்தில் இருக்கும். முதல்முறைக்கு நான் இதையே சொல்வேன். பாலியெஸ்டர் வெல்வெட் இரண்டுக்கும் நடுவில். நான்காவது, இழுத்தால் நீளும் ஸ்ட்ரெச் வெல்வெட். மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். இந்த ராப்பின் எடையே அதைக் கீழே இழுத்து வடிவத்தைக் கெடுத்துவிடும்.

லைனிங்குக்குக் கிரேப்-பேக் சாட்டின் மிகப் பொருத்தம். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். பளபளப்பு வேண்டாதவர் மங்கல் பக்கத்தை வெளியே வைக்கலாம். உள்ளே மணி கோத்த உடை அணிவீர்கள் என்றால் நெருக்கமாக நெய்த லைனிங்காகப் பாருங்கள். தளர்ந்த நெசவில் மணிகள் மாட்டி இழை இழுக்கும்.

வெல்வெட்டின் அகலம் பெரும்பாலும் 110 முதல் 115 செ.மீ. அல்லது 140 முதல் 150 செ.மீ. இருக்கும். உங்கள் அகலம் துணிக்குள் அடங்கினால், ஒவ்வொரு துணியிலும் ஒன்றரை மீட்டர் போதும். சோதனைக்கு வெட்டிப் பார்க்கவும் அதிலேயே துண்டு மிஞ்சும். அடங்காவிட்டால் இரண்டு மடங்கு நீளம் வாங்கி முதுகின் நடுவில் நேராக ஒரு இணைப்புத் தையல் போடலாம். துணியைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்க வேண்டாம், காரணம் கீழே.

இவை தவிர: மெல்லிய புதிய குண்டூசிகள், மிஷினுக்கு 11 அல்லது 12-ஆம் எண் ஊசி, லைனிங்குக்கு 9 அல்லது 10, துணி நிறத்தில் நூல், தற்காலிகத் தையலுக்குப் பட்டு நூல். பட்டு நூல் பிரிக்கும்போது தடம் விடாது. காலருக்கு உள்ளே வைக்க ஒரு துண்டு பருத்தி ஃபிளானல்.

பழைய துணியில் ஒரு ஒத்திகை

கிழிந்த படுக்கை விரிப்பு போதும். சொன்ன அளவில் வெட்டி, மடித்து, பக்கங்களைக் குண்டூசியால் சேர்த்து, எந்த உடைக்கு மேல் அணியப் போகிறீர்களோ அதற்கு மேல் போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். கையைத் தூக்குங்கள், உட்காருங்கள், முன்னால் இழுத்து மூடிப் பாருங்கள். கழுத்தில் துணி மலைபோல் குவிகிறதா? நீளத்தில் 10 செ.மீ. குறையுங்கள். முன்னால் மூட மறுக்கிறதா? அகலத்தைக் கூட்டுங்கள். கையைத் தூக்கும்போது முழு உடையும் கூடவே ஏறுகிறது என்றால் கைத்துளை சிறியதாக இருக்கிறது. இடுப்பில் பொத்தான் எங்கே விழும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வெல்வெட் இந்த விரிப்பைவிடக் கனமானது, ஆகையால் இன்னும் கொஞ்சம் கீழே தொங்கும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ரோமத்தின் திசையும் வெட்டும்

வெல்வெட்டின் மேல் உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழவென்று போகும், மறுதிசையில் தடுக்கும். ரோமம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்பது அதில் தெரியும். துணியை உடலோடு பிடித்துப் பாருங்கள்: ரோமம் மேல்நோக்கி இருந்தால் நிறம் ஆழமாக, கருமையாகத் தெரியும். கீழ்நோக்கி இருந்தால் வெளிறிப் பளபளக்கும். மாலை நேர உடைக்கு மேல்நோக்கி வைப்பதே பழைய வழக்கம், எனக்கும் அதுவே பிடிக்கும். தேர்ந்தெடுத்த திசையைத் துணியின் பின்புறம் சாக் கட்டியால் அம்புக்குறி போட்டு வையுங்கள். வெட்டிய பிறகு தேடினால் குழப்பம்தான்.

இந்த வடிவத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. துணியை மடித்துப் பக்கங்களைச் சேர்க்கும்போது, மேல் பாதியின் ரோமமும் கீழ் பாதியின் ரோமமும் பக்கத் தையலில் எதிரெதிர்த் திசையில் சந்திக்கும். ஒரே துண்டிலிருந்து வெட்டினாலும் அந்தத் தையலின் இருபுறமும் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். துணியை எப்படித் திருப்பினாலும் இதைத் தவிர்க்க முடியாது. ரோமம் நீளவாக்கில் ஓடினால் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி மாறும், அதனால் கண்ணை உறுத்தாது. குறுக்கே ஓடினால் இரு பக்கமும் வேறு வேறாகத் தெரியும். துணியைத் திருப்பிப் போடாதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். தையல் முன்கையின் அருகே மடிப்புகளுக்குள் போய்விடுவதால் நிறமாற்றம் பெரிதாகத் தெரிவதும் இல்லை.

வெட்டும்போது துணியை ஒற்றையாக, ரோமம் கீழே, பின்புறம் மேலே இருக்கும்படி விரியுங்கள். இரட்டையாக மடித்து வெட்டினால் அடித்துணி நகர்ந்து கோணலாகும். கரையை நம்பி நேர்கோடு எடுக்காமல், குறுக்கே ஒரு இழையை உருவி அந்தக் கோட்டில் வெட்டினால் துல்லியம். நீளமான கத்தரியால் பெரிய வெட்டாக வெட்டுங்கள். தூசு போல ரோமம் உதிரும். விளிம்புகளை உடனே ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் போட்டுவிட்டால் வீடெல்லாம் பரவாது. லைனிங்கையும் இதே அளவில் வெட்டி, விளிம்பை இதேபோல் முடியுங்கள்.

மடிப்புக்கோடு, கைத்துளை முடியும் புள்ளிகள், மேல் விளிம்பின் நடு, கீழ் விளிம்பின் நடு ஆகிய இடங்களில் வண்ண நூலால் ஒரு சிறு முடிச்சுத் தையல் போட்டுக் குறியுங்கள். கார்பன் தாளும் உருளும் சக்கரமும் வெல்வெட்டுக்கு ஆகாது.

காலருக்கு உள்நிரப்பு

பழைய ராப்களின் காலர் மெத்தென்று உருண்டு நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் நிரப்பு. மேல் விளிம்பை ஒட்டி, 25 செ.மீ. உயரத்துக்கு ஃபிளானல் துண்டு ஒன்றை வெல்வெட்டின் பின்புறம் வைத்து, தளர்வான சாய்வுத் தையலால் பிடியுங்கள். ஊசி வெல்வெட்டின் அடித்தள இழையை மட்டும் தொட வேண்டும், நல்ல பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. தையல் விளிம்புகளுக்குள் ஃபிளானல் வராமல் 1.5 செ.மீ. உள்ளே தள்ளி வைத்தால் ஓரம் தடிக்காது. சூடு வைத்து ஒட்டும் கேன்வாஸ் வேண்டவே வேண்டாம். அதை ஒட்டுவதற்கு அழுத்தும் இஸ்திரியிலேயே ரோமம் நசுங்கிவிடும்.

இன்னும் ஆடம்பரமாக வேண்டுமென்றால், மேல் விளிம்பை 15 செ.மீ. கூடுதல் அகலமாக வெட்டி, மூன்று வரிசை சுருக்குத் தையல் போட்டு லைனிங்கின் அளவுக்குச் சுருக்கலாம். முதல் ராப்பில் இது தேவையில்லை.

பக்கத் தையல்

நல்ல பக்கம் நல்ல பக்கத்தோடு சேரும்படி மடியுங்கள். ரோமமும் ரோமமும் உரசும்போது மேல்துணி மெல்ல ஊர்ந்து முன்னே போகும். தையல் முடியும் இடத்தில் ஒரு துணி ஒரு செ.மீ. நீண்டு நிற்பதைக் காண்பீர்கள். குண்டூசி இதைத் தடுக்காது. தடுப்பது டாக்கிங் எனப்படும் தற்காலிகக் கைத்தையல்தான், அதுவும் இரண்டு வரிசை. தையல் கோட்டுக்கு இருபுறமும், அரை செ.மீ. இடைவெளியில், இரண்டு மூன்று ஓட்டத்துக்கு ஒரு முறை பின்தையல் போட்டுப் பூட்டிக்கொண்டே போங்கள். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் வெல்வெட் தைப்பதன் முழு ரகசியமும் இந்த இரண்டு வரிசையில் இருக்கிறது.

மிஷினில் பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறையுங்கள், தையல் நீளம் 3 மி.மீ., மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்துங்கள். மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் மிஞ்சிய துண்டில் தைத்துப் பாருங்கள். கைத்துளைக் குறியிலிருந்து வாயை நோக்கி, துணியை முன்னும் பின்னும் லேசாக இறுக்கிப் பிடித்தபடி மெதுவாகத் தையுங்கள். கைத்துளை முனையில் முன்பின் தையல் போட்டு உறுதி செய்யுங்கள். இழுவிசை முழுவதும் அங்கேதான் விழும். மிஷின் தையலைச் சரிபார்த்த பிறகே டாக்கிங் நூலை உருவ வேண்டும், அதையும் ஒரே இழுப்பில் அல்லாமல் சில அங்குலங்களுக்கு ஒருமுறை வெட்டி எடுக்க வேண்டும்.

லைனிங்கிலும் இதே இரு பக்கத் தையல்கள். சாட்டினில் குண்டூசித் துளை நிலைத்துவிடும் என்பதால் தையல் விளிம்புக்குள் மட்டும் ஊசி குத்துங்கள்.

இஸ்திரி

வெல்வெட்டின் நல்ல பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. ஒரு முறை நசுங்கிய ரோமம் பல சமயம் எழவே எழாது. தையலைப் பிரித்து விரிக்க, மேசையில் தடித்த துவாலையோ மிஞ்சிய வெல்வெட் துண்டோ ரோமம் மேலே பார்க்க விரித்து, அதன்மேல் ராப்பின் நல்ல பக்கத்தைக் கவிழ்த்து வையுங்கள். ரோமத்துக்குள் ரோமம் பதிந்து நிற்கும். பின்புறத்திலிருந்து, துணியைத் தொடாமல் ஒரு அங்குல உயரத்தில் நீராவி மட்டும் காட்டி, விரலால் தையலை விரித்துத் தடவுங்கள். நகம் வேண்டாம். ஈரம் காயும்வரை அசைக்காதீர்கள். பட்டு வெல்வெட்டுக்கு நீராவியே ஒத்துக்கொள்ளுமா என்பதை முதலில் சிறு துண்டில் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் வெல்வெட்டை மட்டும் தனியாக ஒரு நாள் தொங்கவிடுவது நல்லது. தன் எடைக்கு இறங்க வேண்டியது இப்போதே இறங்கிவிடும். லைனிங் சேர்த்த பிறகு இறங்கினால் ஓரம் சுருங்கி இழுக்கும்.

இரண்டையும் சேர்ப்பது

வெல்வெட் பையும் லைனிங் பையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஒன்றுக்குள் ஒன்று. பக்கத் தையல்கள் பக்கத் தையல்களோடு, நடுக்குறிகள் நடுக்குறிகளோடு பொருந்த வேண்டும்.

விளிம்பை விளிம்போடு சமமாக வைத்துத் தைத்தால் முடிவு சுமாராகத்தான் இருக்கும். காலர் வெளியே புரளும்போது லைனிங் வெளிவட்டத்தில் போகிறது, அதற்குக் கொஞ்சம் கூடுதல் துணி வேண்டும். கீழ் ஓரத்தில் நிலைமை தலைகீழ்: லைனிங் சற்றுக் குட்டையாக இருந்தால்தான் எட்டிப் பார்க்காது. இதற்கு வெட்டையே மாற்ற வேண்டியதில்லை. மேல் விளிம்பில் லைனிங்கை வெல்வெட் விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். கீழ் விளிம்பில் லைனிங் 4 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கட்டும். பக்கத் தையல் முனைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாறட்டும். தையல் கோடு எப்போதும் வெல்வெட் விளிம்பிலிருந்து 1.5 செ.மீ. பொத்தானுக்குத் துணி வளையம் வைப்பதாக இருந்தால், அதையும் இப்போதே இரண்டு துணிகளுக்கும் நடுவில் செருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வளையம் உள்நோக்கி இருக்கட்டும்.

மறுபடியும் இரண்டு வரிசை டாக்கிங். பிறகு வாய் முழுவதும் ஒரே சுற்றாகத் தைத்து முடியுங்கள், எங்கும் இடைவெளி விட வேண்டாம். கைத்துளைகள் இன்னும் திறந்தே இருப்பதால் அவற்றில் ஒன்றின் வழியாக எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் புரட்டிவிடலாம். வெல்வெட்டை அள்ளித் திணித்து இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

புரட்டிய பின் ஓரத்தை விரலால் உருட்டிச் சரிசெய்து, ஓரத்திலிருந்து அரை செ.மீ. உள்ளே, பொடிப்பொடியான பின்தையலால் கையாலேயே பூட்டுங்கள். காலர் பகுதியில் ஊசி வெல்வெட் பக்கத்திலும், கீழ் ஓரத்தில் லைனிங் பக்கத்திலும் இறங்கி, உள்ளே உள்ள தையல் விளிம்பை மட்டும் பிடிக்க வேண்டும். மிஷினில் போட்டால் வேகமாக முடியும், ஆனால் வெல்வெட்டில் ஒரு பள்ளம் கோடு போட்டதுபோல் நிற்கும்.

கைத்துளைக்குள் கையை விட்டு, வெல்வெட்டின் பக்கத் தையல் விளிம்பையும் லைனிங்கின் பக்கத் தையல் விளிம்பையும் இரண்டு மூன்று இடங்களில் தளர்வாகக் கோத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணியும்போதும் லைனிங் சுருண்டு கையோடு வரும். கடைசியாகக் கைத்துளையின் இரு விளிம்புகளையும் உள்ளே மடித்து, லைனிங் 2 மி.மீ. உள்வாங்கி நிற்கும்படி, மறைதையலால் மூடுங்கள்.

பொத்தான்

கனமான ஒரு பொத்தான், இடுப்பருகே, பக்கத் தையல் முடியும் முனைக்குப் பக்கத்தில். 4 செ.மீ. விட்டம் அதிகமாகத் தெரியலாம், இந்த அளவு துணிக்கு அதுவே பொருந்தும். வெல்வெட்டில் பொத்தான் துளை வெட்ட வேண்டாம். லைனிங் சாட்டினிலிருந்து 3 செ.மீ. அகலக் கிராஸ் பீஸ் (இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டை) வெட்டி, நீளவாக்கில் மடித்துத் தைத்து, புரட்டி, வளையமாக்கினால் போதும். பொத்தானுக்குப் பின்னால் ஃபிளானல் துண்டு ஒன்றையும், லைனிங் பக்கத்தில் ஒரு சிறு தட்டைப் பொத்தானையும் சேர்த்துத் தைத்தால் துணி கிழியாது.

பொத்தானே இல்லாமல் கையால் பிடித்துக்கொள்ளும் ராப்களும் அந்தக் காலத்தில் இருந்தன. புகைப்படத்தில் ஒரு கை எப்போதும் இடுப்பருகே மடங்கி நிற்பது சும்மா நாகரிகத்துக்காக மட்டுமல்ல. பர்ஸும் கோப்பையும் பிடிக்க வேண்டிய மாலையில் அது வசதிப்படாது என்பது என் கட்சி.

மணி வேலையோ குஞ்சமோ சேர்ப்பதாக இருந்தால் முதுகின் மேல்பகுதியைத் தவிருங்கள். காலர் அங்கேதான் விழுந்து மறைக்கும். கீழ் ஓரத்தின் நடுவில் ஒரு குஞ்சம் நன்றாக இருக்கும், அதன் எடை துணியையும் இழுத்து நிறுத்தும். உட்காரும்போது அதன்மேல் அமராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

தண்ணீரில் துவைக்க வேண்டாம், டிரை கிளீனிங் மட்டுமே. கொடுக்கும்போது பொத்தானை வெள்ளித் தாளால் சுற்றி மூடுங்கள் அல்லது கழற்றிக்கொள்ளுங்கள். தூசியை மென்மையான பிரஷால், ரோமம் படுத்திருக்கும் திசையில் தட்டலாம். உட்கார்ந்து நசுங்கிய இடத்துக்குக் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

இதற்குத் தோள் வடிவம் கிடையாது என்பதால் சாதாரண ஹேங்கரில் நீண்ட நாள் தொங்கவிட்டால் இரண்டு இடங்களில் மேடு தட்டும். பஞ்சு சுற்றிய தடித்த ஹேங்கர் வேண்டும். அது இல்லையென்றால் லைனிங் வெளியே வரும்படி புரட்டி, பழைய பருத்திப் புடவையோ விரிப்போ நடுவில் வைத்துத் தளர்வாகச் சுருட்டி, மேலே எதையும் அடுக்காமல் அலமாரியில் வையுங்கள்.